கல்லூரி அனுப்பிய உடை விதி, பதினேழு வயது மகள்: முடிவை யார் கையில் கொடுப்பது?

கேள்வி: தையல் கடை அம்மா, திண்டுக்கல்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். சுடிதார், ஜாக்கெட், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் என்பதால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் இலவசச் சீருடையும் என் மெஷினில் ஓடும்.

என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) சேர்ந்திருக்கிறாள். நவம்பரில்தான் பதினெட்டு முடிகிறது. சேர்க்கைத் தாள்களோடு உடை விதி என்று இரண்டு பக்கம் வந்திருக்கிறது. பெண்களுக்குச் சுடிதார் மட்டும். டாப் முட்டிக்குக் கீழே இறங்க வேண்டும். கை முக்கால் அளவு. லெக்கின்ஸ், பலாசோ கூடாது. பக்கவாட்டு ஓப்பன் எந்த இடத்தில் தொடங்கலாம் என்றுகூட அளவு போட்டிருக்கிறார்கள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் மடித்துப் பின் குத்த வேண்டும். முடி பின்னியிருக்க வேண்டும். பையன்களுக்கு இன் பண்ணிய சட்டை, பெல்ட், கருப்பு ஷூ, தாடி கூடாது. இதெல்லாம் மாணவர்களைப் பக்குவப்படுத்தி, பொறுப்புள்ள பெரியவர்களாக ஆக்குவதற்காக என்று கடைசியில் போட்டிருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் கல்லூரி திறக்கிற சமயத்தில் இந்த மாதிரித் தாளோடு அம்மாக்கள் என் கடைக்கு வருவார்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், லைனிங் வேண்டுமா, கை எவ்வளவு என்று நான் கேட்பேன். அம்மா பதில் சொல்வார். பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் "உனக்கு எப்படி வேணும்மா?" என்று கேட்டால், அவள் அம்மா முகத்தைத்தான் பார்ப்பாள். அளவு எடுக்கக் கையைத் தூக்கு, திரும்பு என்று சொல்வதைத் தவிர அந்தப் பெண்ணிடம் எனக்குப் பேச்சே இருக்காது. இன்னும் சில மாதத்தில் ஓட்டுப் போடப் போகிறவள் அவள்.

இப்போது என் மகளே கேட்கிறாள்: "நான் என்ன போடணும்னு காலேஜும் நீயும் முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் எப்படி இது என்னைப் பெரியவளாக்கும்?" விதியை மீறச் சொல்லவில்லை, எனக்கும் அந்த எண்ணம் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உடைக் கட்டுப்பாட்டுக்கும் பக்குவத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? ஒரு பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தயார் ஆவதற்கு, இந்த வயதில் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஆசிரியர்கள், இந்த மாதிரிக் கல்லூரிகளில் படித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மெக்கானிக்கல் துறை ஆசிரியர், சேலம்

சகோதரிக்கு வணக்கம். நான் இந்த விதிகளை அமல்படுத்துகிற பக்கத்தில் இருப்பவன். அங்கிருந்தே சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஓடும்போது தொங்குகிற துணி எதுவும் இருக்கக் கூடாது. துப்பட்டா, தளர்ந்த முழுக்கை, விரித்த கூந்தல், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு எல்லாமே ஆபத்து. இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். செருப்போடு வந்தால் உள்ளே விடமாட்டேன். இந்த விதியை எந்த மாணவரும் எதிர்த்துப் பேசியதில்லை, ஏனென்றால் காரணம் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வகுப்பறை விதிகளுக்கு அப்படிக் காரணம் காட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் வேண்டாம் என்று சொன்னபோது பெரிய விவாதமே நடந்தது. அதற்கு முன்பே பல தனியார் கல்லூரிகள் இதைவிடக் கடுமையாக நடந்துகொண்டிருந்தன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்பது பெற்றோர்தான். "உங்க காலேஜ்ல டிசிப்ளின் எப்படி?" என்பதுதான் சேர்க்கையின்போது முதல் கேள்வி. ஆய்வகத்தில் என்ன கருவிகள் இருக்கின்றன என்று கேட்பவர் அபூர்வம். நிர்வாகம் பெற்றோருக்குப் பிடித்ததைக் கொடுக்கிறது.

இன்னொன்று, வேலைவாய்ப்பு முகாமுக்கு வருகிறவர்கள் முன்னால் எங்கள் பிள்ளைகள் நேர்த்தியாக நிற்க வேண்டும். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வருகிறவனுக்கு ஃபார்மல் உடையோடு நாலு வருடம் பழகியிருப்பது தைரியம் கொடுக்கிறது. அதை நான் நேரில் பார்க்கிறேன்.

பதில்: ஐடி வேலை, சோழிங்கநல்லூர்

சார் சொன்ன பட்டறை விஷயம் சரி. வேலைவாய்ப்பு விஷயத்தில் மாறுபடுகிறேன். இன்ஃபோசிஸ் மாதிரி நிறுவனமே 2015 ஜூனிலிருந்து வாரம் முழுக்க ஃபார்மல் வேண்டாம், நேர்த்தியான சாதாரண உடையில் வரலாம் என்று மாற்றிவிட்டது. இன்டர்வியூவுக்கு எப்படி உடுத்திப் போவது என்பதை ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு நான்கு வருடம் தேவையில்லை.

அக்கா, உங்கள் மகள் சேர்ந்திருப்பது மாதிரி ஒரு கல்லூரியில்தான் நானும் படித்தேன். தினமும் காலையில் கேட்டில் ஒரு மேடம் நிற்பார். துப்பட்டாவில் பின் ஒரு பக்கம் குத்தாமல் இருந்தால் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொள்வார். அதைத் திரும்ப வாங்க முதல் பீரியட் போய்விடும். பையன்களை ஷேவ் பண்ணிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அந்த மேடம் எந்த நாளில் எந்தக் கேட்டில் நிற்பார் என்று தெரியும். நாலு வருடத்தில் உடை விஷயத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். வீட்டு உரிமையாளர் கொடுத்த வாடகை ஒப்பந்தத்தில் காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்போம் என்று இருந்தது. அதைப் பற்றிப் பேசலாம், குறைக்கச் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிஎஃப் படிவத்தில் நாமினி யார் என்று கேட்டபோது அப்பாவுக்குப் போன் செய்தேன். மேனேஜர் சனிக்கிழமையும் வரச் சொன்னபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் சரி என்று தலையாட்டுவதற்கு மட்டும்தான் எனக்குப் பழக்கம் இருந்தது. கீழ்ப்படிதலில் நான் நல்ல மதிப்பெண் எடுத்தேன். அதற்கும் பக்குவத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று இருபத்திரண்டு வயதில் தனியாக இருந்து கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம்.

பதில்: பிளஸ் டூ வகுப்பாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பள்ளிச் சீருடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிற யாரும் ஆதரிக்காமல் இருக்க முடியாது. பிறந்தநாள் அன்று கலர் டிரெஸ் போட்டு வரலாம் என்று பள்ளிகளில் ஒரு வழக்கம் இருக்கிறதல்லவா? எந்தப் பிள்ளை பிறந்தநாளிலும் சீருடையிலேயே வருகிறது என்று எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கிறது. கேட்டால் "மறந்துட்டேன் மிஸ்" என்பார்கள். பன்னிரண்டு வயதில் யாருக்கும் பிறந்தநாள் மறக்காது. அரசு வருடத்துக்கு நாலு செட் சீருடை கொடுப்பதால், மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் இருக்கிறது. நீங்கள் தைத்து அனுப்புகிற அந்தத் துணிக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அதனால்தான் கல்லூரிக்குப் போனதும் எங்கள் பிள்ளைகள் திணறுகிறார்கள். திடீரென்று தினமும் கலர் டிரெஸ். வீட்டில் நல்ல சுடிதார் மூன்று இருக்கும். ஒரே டாப்பை வாரத்தில் இரண்டு முறை போட்டால் யாராவது கவனிப்பார்களோ என்ற பயம். என் பழைய மாணவிகள் சிலர் "காலேஜ்லயும் யூனிஃபார்ம் இருந்தா நல்லாருக்கும் மிஸ்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் உங்கள் மகளுக்கு வந்திருக்கும் இரண்டு பக்கத் தாள் அந்தக் கவலையைத் தீர்ப்பதில்லை. செலவைக் குறைப்பதும் இல்லை, வீட்டில் இருக்கிற பலாசோவையும் லெக்கின்ஸையும் ஒதுக்கிவைத்துப் புதுசு வாங்கச் சொல்கிறது. பட்டறைக் கோட்டு போலப் பாதுகாப்பும் இல்லை. அதைப் பக்குவம் என்று சொல்வதில்தான் எனக்கு வருத்தம்.

ஒரு பெண் துப்பட்டா போட்டிருக்கிறாளா என்பதை வைத்து அவள் பக்குவத்தை அளந்தால் என்ன ஆகும் என்று நீட் தேர்வில் பார்த்தோம். முழுக்கை கூடாது, ஷூ கூடாது என்பது அங்கே விதி. துப்பட்டாவையே வெளியே வைத்துவிட்டுப் போ என்று சொன்ன மையங்களும் உண்டு. வாசலில் அம்மாக்கள் கத்தரிக்கோலால் மகளின் சட்டைக் கையை வெட்டியதைப் பார்த்திருப்பீர்கள். துப்பட்டா இல்லாமல் வெளியே வராதே என்று வளர்த்த பிள்ளையை, அது இல்லாமல் போய் வாழ்க்கையின் முக்கியமான பரீட்சையை எழுது என்கிறோம். இரண்டு இடத்திலும் அந்தப் பிள்ளையைக் கேட்டவர் யாரும் இல்லை.

சரி, தயார் ஆவதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

பொறியியல் கவுன்சிலிங் 2018-லிருந்து ஆன்லைனில் நடக்கிறது. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்வதுதான் அதில் முக்கியமான வேலை. எந்தக் கல்லூரி மேலே, எந்தப் பிரிவு கீழே என்பது நாலு வருடத்தை முடிவு செய்யும். அந்த வேலை பிரவுசிங் சென்டரில் அப்பா கல்லூரிப் பெயர்களைச் சொல்ல, கடைக்காரர் டைப் செய்ய நடக்கிறது. ஓடிபி அப்பா போனுக்கு வருகிறது. பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளை நான் உதவி மையத்துக்கு அழைத்துப் போய், பட்டியலை நீங்களே எழுதிக்கொண்டு வந்தால்தான் உள்ளே போகலாம் என்று சொல்லிவிடுவேன். முதலில் அழுவார்கள். பிறகு போன வருடக் கட்-ஆஃபைப் பார்த்து, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, சண்டை போட்டு ஒரு பட்டியல் கொண்டு வருவார்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் வளர்வதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

அடுத்து, பணம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே போகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. பணம் பிள்ளையின் பெயரில் போக வேண்டும் என்று அரசு யோசித்திருக்கிறது. ஆனால் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பர்ஸில். கார்டு தன் கையில் இருக்கிற பெண்கள் மாதக் கடைசியில் என்னிடம் வந்து கணக்குச் சொல்வார்கள். பஸ் பாஸ், ஜெராக்ஸ், சானிட்டரி நாப்கின், மிச்சத்தில் தம்பிக்கு நோட்டு. இன்னொருத்தி முதல் மாதமே முழுசையும் ஒரு ஹேண்ட்பேகில் போட்டாள். இரண்டாவது மாதம் போடவில்லை. அவளுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை.

இதில் உடை எங்கே வருகிறது என்றால், ஒரு பிள்ளை கையில் முதலில் கொடுக்கக்கூடிய முடிவு உடைதான். தவறினால் நட்டம் ஒரு 700 ரூபாய் குர்தி. சாயம் போகும், இறுக்கும், வெயிலுக்கு ஒத்துவராது, தோழிகள் ஏதாவது சொல்வார்கள். அவ்வளவுதான். எந்த இடத்துக்கு எது பொருந்தும், என் பணம் எவ்வளவு, என் உடம்புக்கு எது வசதி, ஒருவர் குறை சொன்னால் என்ன பதில் சொல்வது என்று நாலு விஷயத்தை அவள் அதில் பழகிக்கொள்வாள். அந்தச் சின்ன முடிவைக்கூடப் பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று தள்ளிக்கொண்டே போனால், முதல் முடிவே வேலையாகவோ கல்யாணமாகவோ வந்து நிற்கிறது. அதைத்தான் சோழிங்கநல்லூர் தங்கை எழுதியிருக்கிறார்.

கல்லூரி விதியை நீங்கள் மாற்ற முடியாது. விதிக்குள்ளேயே அவளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் கொடுங்கள். கல்லூரி முடிந்த பிறகு, விடுமுறையில், ஊரில் எல்லாம் முழுசாகக் கொடுங்கள். அப்புறம், பதினேழு முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று வருடத்தில் நான்கு தகுதி நாட்கள். உங்கள் மகளுக்கு நவம்பரில் பதினெட்டு என்றால் அடுத்த ஜனவரி 1 கணக்குக்கு வந்துவிடுவாள். படிவம் 6-ஐ அவளே நிரப்பட்டும்.

பதில்: கரூர் அப்பா

டீச்சர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிவிட்டு இரவில் தூக்கம் வராதவர்களுக்குத்தான் தெரியும். கல்லூரியில் விதி இருந்தால் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நாலு வருடம் பொறுத்தால் என்ன? பிறகு அவள் சம்பாதித்து அவள் இஷ்டப்படி உடுத்தட்டும்.

பதில்: பிளஸ் டூ வகுப்பாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் பெண் இருக்கிறாள். ஆனால் என்னிடம் வந்து பஸ்ஸில் தொல்லை நடந்தது என்று அழுத பெண்கள் எல்லோரும் சீருடையில் இருந்தவர்கள். பின் குத்திய துப்பட்டாவோடு. அந்தப் பயத்துக்கு மருந்து, நடந்ததை வீட்டில் வந்து சொன்னால் "நீ என்ன போட்டிருந்தே?" என்று முதல் கேள்வி வராது என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை இல்லாத பிள்ளை வீட்டில் சொல்லாது. சொல்லாத பிள்ளையை யாராலும் காப்பாற்ற முடியாது. 181 பெண்கள் உதவி எண்ணை அவள் போனில் பதிந்து கொடுங்கள், பஸ் நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். உடையைப் பற்றிப் பேசுவதைவிட அது உதவும்.

பதில்: தையல் கடை அம்மா, திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம்.

புதுமைப் பெண் பணம் வரப்போகிற கணக்கின் கார்டு அவளிடமே இருக்கும், பின் நம்பர் எனக்குத் தெரிய வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. துணி எடுக்க மொத்தமாக ஒரு தொகை சொன்னேன். விதித்தாளை அவளே எடுத்துக்கொண்டு கடைவீதிக்குத் தோழியோடு போனாள். நானாக இருந்தால் தினம் ஒன்று என்று ஆறு மெட்டீரியல் மலிவாக எடுத்திருப்பேன். அவள் நான்குதான் எடுத்தாள், நான்கும் சின்னாளப்பட்டிக் காட்டன், பேண்ட் இரண்டு மட்டும், எந்த டாப்புக்கும் பொருந்துகிற நிறத்தில். ஹாஸ்டலில் துவைத்தால் சீக்கிரம் காயும் என்றாள். அது எனக்குத் தோன்றியிருக்காது. ஒரு கத்தரிப்பூ நிறம் இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவில்லை, தைக்கிறேன்.

இன்னொன்று கேட்டாள். எல்லா டாப்பிலும் பக்கத் தையலில் பாக்கெட் வேண்டுமாம், போன் வைக்கிற ஆழத்துக்கு. ஆண்களுக்குப் பாக்கெட் இல்லாமல் ஒரு பேண்ட் வெட்டினால் திட்டுவார்கள். பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் யாரும் என்னிடம் பாக்கெட் கேட்டதில்லை, பெண்களிடம் நான் கேட்டதும் இல்லை. இனிமேல் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அளவு எடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன்: பாக்கெட் வேணுமா, கழுத்து எப்படி வேணும்? அம்மா பதில் சொன்னால், "பாப்பா சொல்லட்டும்க்கா" என்கிறேன். நேற்று ஒரு பெண் ரொம்ப நேரம் யோசித்து, வட்டக் கழுத்து வேண்டாம், சைனீஸ் காலர் வேண்டும் என்றாள். அம்மாவுக்கு ஆச்சரியம், ஆனால் சரி என்றுவிட்டார்.

கரூர் அண்ணா, எனக்கும் தூக்கம் வராதுதான். ஆனால் முதல் தடவை அவளைத் தனியாகக் கோவைக்குப் போய் ஹாஸ்டல் ரூம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். சாவி கொடுக்கிற வார்டன் பெயர் முதல் தண்ணீர் வருகிற நேரம் வரைக்கும் விசாரித்து வந்தாள்.

சேலம் சார், உங்களிடம் ஒரு சந்தேகம். முதல் வருடப் பட்டறை வகுப்புக்குக் கோட்டு நானே தைத்துக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன். டெரிகாட்டனா, காட்டனா? முழுக்கையா, அரைக்கையா? இந்த வாரம் வெட்ட வேண்டும்.

பதில்: மெக்கானிக்கல் துறை ஆசிரியர், சேலம்

காட்டன்தான் சகோதரி. முதல் வருடத்தில் வெல்டிங்கும் சால்டரிங்கும் உண்டு. பொறி பட்டால் பாலியஸ்டர் கலந்த துணி உருகித் தோலில் ஒட்டும், காட்டன் கருகும், அவ்வளவுதான். முழுக்கை வையுங்கள், மணிக்கட்டில் பட்டன் போட்டு இறுக்கமாக. பொறி உள்ளே விழும் என்பதால் வெளிப் பாக்கெட்டுக்கு மூடி வைத்துத் தையுங்கள். கல்லூரி நிறம் சொல்லியிருக்கிறதா என்று மகளைத் துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், துணி வெட்டுவதற்கு முன்னாலேயே.